மலைமேல் ஒரு லேப்டாப்

வட்டக்கானலில் ஒரு மாதம் தங்கி வேலை பார்த்தேன். ஜன்னலில் மேகம், மடியில் லேப்டாப். போட்டோ போட்டதும் லைக் குவிந்தது. போட்டோவில் வராதது ஒன்று உண்டு: சிக்னல் கிடைக்கும் முன்னறையை எனக்கு விட்டுவிட்டு வீட்டுக்காரர் குடும்பம் பின்கட்டுக்கு மாறியிருந்தது. எனக்கு மீட்டிங் என்றால் அந்த அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

'எங்கிருந்தும் வேலை' என்பது பொய். நம் சம்பளத்துக்கு மலிவாக இருக்கும் இடத்திலிருந்து வேலை, அவ்வளவுதான். போர்ச்சுகல் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. 2022-இல் வந்த டிஜிட்டல் நோமாட் விசாவுக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் வேண்டும். அந்த ஊதியத்தில் லிஸ்பனில் காபி ஊற்றுபவரும் இந்த விசாக்காரரும் ஒரே தெருவில் வீடு தேடினால் யாருக்குக் கிடைக்கும்?

"அவங்களுக்கும் காசு வருதே பாஸ்" என்பீர்கள். வருது, மறுக்கல. "சீசன் முடிஞ்சா முன்ரூமுக்கு வந்துடுவோம் தம்பி" என்றார் அக்கா. நம்மைப் போன்றவர்களுக்கோ சீசனே முடிவதில்லை.

அந்த மாதம் முழுக்க நான் பார்த்தது மலையை அல்ல, அதே ஜிரா போர்டைத்தான். ஊர் பார்க்கணுமா? லீவு போட்டுட்டுப் போங்க.