நம்ம நெஞ்சுல யார் எழுதுறது?

மே தினம் முடிந்து ஒரு வாரம் கழித்து இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய் லயத்துக் கொடியைப் பாருங்கள். சங்கத்தின் பெயர் போட்ட டீசேர்ட் காயும். பக்கத்தில் போன தேர்தலுக்குக் கொடுத்தது, அதற்கும் பக்கத்தில் ஏதோ கம்பெனி விளம்பரத்துக்குக் கொடுத்தது. கூட்டம் முடிந்த பிறகு அந்த டீசேர்ட் எல்லாம் மலைக்குப் போகும். கொழுந்து எடுக்க, பால் வெட்ட, விறகு வெட்ட. சாயம் போய்க் கிழியும் வரை அந்த முகமும் அந்தச் சின்னமும் நம்ம ஆட்களோடு சேர்ந்து வேலை செய்யும்.

சும்மா கிடைக்கிற உடுப்பைப் போடுவது தப்பே இல்லை. புது உடுப்பு வாங்க தீபாவளி முற்பணத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற வீடுகளுக்கு அது உதவிதான். ஆனால் ஒரு சமூகமே அடுத்தவங்க எழுதியதை நெஞ்சில் சுமந்து திரியுது என்றால், நாம கொஞ்சம் யோசிக்கணும். நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா? இல்லை, சொல்ல வசதி இல்லையா?

வசதி இல்லை என்பதுதான் எங்கள் பதில். அந்த வசதி இப்போது ஒரு மேசையில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக வந்துவிட்டது என்பதும்தான்.

எங்கள் தோட்டங்களில் டீசேர்ட் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். கிரிக்கெட் டீம், ஓ லெவல் பெச், தேர்த் திருவிழாவுக்கு இளைஞர் மன்றம். எல்லாரும் டவுனுக்குத்தான் ஓடணும். அங்கே இரண்டு பிரச்சினை. ஒன்று எண்ணிக்கை. ஸ்க்ரீன் பிரிண்ட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் தயாரிக்கணும். அந்தச் செலவு ஐம்பது நூறு டீசேர்ட்டுக்குப் பிரிந்தால்தான் கட்டும். ஏழு பேருக்கு என்றால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

இரண்டாவது தமிழ். சப்ரகமுவவில் டவுன் கடைகளில் கம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறவருக்குப் பெரும்பாலும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது அவர் குற்றம் இல்லை. நாம யூனிகோடில் டைப் செய்து அனுப்புவோம். அவருடைய பழைய சொப்ட்வெயாருக்குள் போனதும் கொம்பு எழுத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ‘தேயிலை’ என்ற சொல்லில் இரண்டு கொம்பும் இடம் மாறினால் அதை யாரும் வாசிக்க முடியாது. பாமினியில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். பிழை என்று சொல்ல அங்கே ஆள் இல்லாததால் அப்படியே அச்சாகிவிடும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. ஆனாலும் பஸ்ஸில், கந்தோரில், பெயர்ப் பலகையில் பிழைத் தமிழ் பார்த்துப் பார்த்து நம்ம கண்ணுக்கு அது பழகிவிட்டது. நம்ம காசு கொடுத்து நம்ம உடம்பிலும் அதையே போடணுமா?

இங்கேதான் ஹீட் பிரஸ்ஸும் வினைலும் வருகிறது. துணிக்கான வினைல் பார்க்க ஸ்டிக்கர் மாதிரி இருக்கும், ஆனால் வேலை வேறு. மேலே ஒரு பிளாஸ்டிக் தாங்கித் தாள், நடுவில் நிறப் படலம், அடியில் சூட்டில் உருகிப் பிடிக்கிற பசை. டிசைனைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வெட்டணும். வேண்டாத பகுதியை ஊசிக் கொக்கியால் கிள்ளி எடுக்கணும். பிறகு துணியில் வைத்து அழுத்தணும். பருத்தித் துணி என்றால் 150 முதல் 160 பாகை வரை சூடு, 10 முதல் 15 செக்கன் போதும் என்பது பொதுவான கணக்கு. சரியான அளவு அந்தந்த வினைல் பக்கெட்டில் இருக்கும். அடித்து 24 மணித்தியாலம் கழித்துத்தான் கழுவணும், அதுவும் உள்பக்கம் வெளியே திருப்பி.

இதில் ஒரு டீசேர்ட் அடிக்கவும் நூறு அடிக்கவும் ஒன்றுக்கான செலவு பெரிதாக மாறாது. எங்களுக்கு முக்கியம் இதுதான். ஒரே ஒரு ஆளுக்காக, ஒரே ஒரு வசனத்தை அடிக்கலாம்.

தமிழுக்கு இந்த வேலையில் ஒரு தனிப் பொறுப்பும் இருக்கிறது. கிள்ளும்போது முதலில் தொலைவது புள்ளி. தனியாக நிற்கிற சின்ன வட்டம் என்பதால் பசைக்குப் பிடிக்க இடம் குறைவு, நாலு தரம் கழுவினாலும் முதலில் உரிவது அதுதான். ‘மக்கள்’ என்று அடித்தது ‘மககள’ என்று நிற்கும். தடித்த எழுத்துரு எடுக்கணும், புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கணும். தமிழ் வாசிக்கிற ஆள்தான் இதைக் கவனிப்பார். மெஷின் நம்ம கையில் இருக்கணும் என்று நாங்கள் சொல்வதற்கு இதை விட நல்ல காரணம் தேவையில்லை.

சரி, எதை அடிப்பது? 2023இல் ‘மலையகம் 200’ நிகழ்வுகள் நடந்தன. தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த வருஷம் நாங்கள் பார்த்த படங்களில் அதிகமானவை ஒன்றுதான்: பனி மலை, கூடை சுமந்த பெண். நுவரெலியாவுக்கு அது பொருந்தும். தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் வாழ்கிற நாங்கள் எங்கே? எங்கள் பாட்டன் பாட்டி கையில் இருந்தது பால் வெட்டும் கத்தி. விடிய முன்னமே மரத்துக்கு மரம் நடந்து, சாய்வாகக் கோடு கீறி, சிரட்டையைக் கட்டிவிட்டு வருவார்கள். மழை பிடித்தால் பால் இல்லை, பேரும் இல்லை. அந்தச் சிரட்டையை நெஞ்சில் போட்ட டீசேர்ட்டை எந்தக் கடையும் நமக்காக அடிக்காது, ஏனென்றால் நூறு பேர் வாங்க மாட்டார்கள். ஏழு பேர் வாங்குவார்கள். ஏழு பேருக்காக அடிக்க முடிகிற மெஷின்தான் சப்ரகமுவத் தமிழருக்குச் சரி.

இனி ஒரு பயம். அதை மறைத்துப் பேசினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 2020 செப்டெம்பரில் தமிழ்நாட்டில் யுவன் சங்கர் ராஜாவும் வேறு சிலரும் இந்தித் திணிப்புக்கு எதிரான வாசகம் போட்ட டீசேர்ட்டோடு படம் போட்டார்கள். சில நாளில் ஊரெல்லாம் அந்த டீசேர்ட். அதற்கு முன்னால் 1984இல், ஆடை வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட் அணு ஏவுகணைக்கு எதிரான வாசகத்தைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு போய் பிரதமர் தட்சருக்கே கை கொடுத்தார். நல்ல கதைகள்தான். ஆனால் தமிழ்நாட்டில் தமிழ் எழுத்தோடு நடப்பதும், இரத்தினபுரி பஸ்ஸில் தமிழ் எழுத்தோடு ஏறுவதும் ஒன்று இல்லை. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் வன்னிப் பக்கம் போனது அதனால்தான். “தமிழ் எழுத்தெல்லாம் எதுக்குப் புள்ள, பூ ஒண்ணு போட்டுக்கயேன்” என்று ஒரு அம்மா சொன்னால், அது கோழைத்தனம் இல்லை, ஞாபகம்.

எங்கள் கருத்து இதுதான். சத்தம் போடுகிற வாசகத்தில் தொடங்கத் தேவையில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், டீமின் பெயர், சிரட்டை, கத்தி. சேர்ந்து விளையாடுகிற சிங்களப் பொடியன்களுக்கும் அதே டீசேர்ட், இரண்டு மொழியிலும் பெயர் போட்டு. தமிழ் எழுத்து தினமும் கண்ணில் படுகிற சாதாரண விஷயமாக ஆகணும். சாதாரணமான ஒன்றைப் பார்த்து யாரும் சீக்கிரம் கோபப்பட மாட்டார்கள். அதற்காக யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது. பூ வேண்டும் என்கிறவருக்குப் பூ.

அடுத்தது, யார் வைத்திருப்பது? ‘சுயதொழில்’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு அலுப்பு. ஒரே லயத்தில் பத்துப் பேருக்குத் தையல் மெஷின் கொடுத்தால், தைக்கக் கொடுக்க அங்கே பதினோராவது ஆள் இருக்கணுமே. ஹீட் பிரஸ்ஸிலும் அதே கதை நடக்கும். பிரஸ்ஸும் கட்டரும் சேர்த்து ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் அடங்காது. கடன் எடுத்துத் தனியாக வாங்கினால், திருவிழா முடிந்ததும் தவணை மட்டும்தான் மிஞ்சும்.

லயமும் இதற்குச் சரியான இடம் இல்லை. 1500 வொட் பிரஸ் 230 வோல்ட்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய 5 அம்பியர் உருண்டைப் பிளக்கும், காம்பராவுக்குக் காம்பரா இழுத்த மெல்லிய வயரும் அதைத் தாங்காது. ஒரு காம்பராவில் பிடித்தால் முழு லயத்துக்கும் ஒரே கூரை. பிவிசி கலந்த வினைல் துண்டுகளை அடுப்பில் போட்டால் வரும் புகையில் அமிலம் இருக்கும், அடுப்படியில் இருக்கிற பிள்ளைக்கு அது ஆகாது.

ஆகவே வாசிகசாலை, கோயில் மண்டபம் மாதிரிப் பொது இடம்தான். 13 அம்பியர் சதுரப் பிளக், ஒழுங்கான வயரிங், ஒரு ஜன்னல். நம்ம ஆட்களுக்குக் கூட்டாகப் பணம் சேர்க்கத் தெரியாதா என்ன? மரண உதவிச் சங்கம் நடத்துகிறோம், சீட்டுப் பிடிக்கிறோம். சாவுக்குச் சேர்க்கிற ஒழுங்கோடு இதற்கும் சேர்த்தால் ஒரு டிவிஷனுக்கு ஒரு பிரஸ் முடியாத காரியம் இல்லை. அடிக்கிறவருக்குக் கூலி, மீதி பொதுப் பெட்டிக்கு, கணக்கு சுவரில்.

அதுவரை அயன்பொக்ஸ் போதும். ஸ்டீமை நிறுத்திவிட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, தேய்க்காமல் ஒவ்வொரு இடமாக அழுத்துங்கள். நம்ம ஊர் ஈரத்துக்குத் துணி எப்போதும் கொஞ்சம் நமத்துத்தான் இருக்கும். முதலில் வெறும் துணியை ஐந்து செக்கன் அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. பொலியெஸ்டர் ஜெர்சிக்குக் குறைந்த சூட்டில் ஒட்டுகிற வினைல் கேட்டு வாங்குங்கள். சூடு கூடினால் துணியின் சாயம் மேலேறி, சிவப்பு ஜெர்சியில் வெள்ளை எழுத்து ரோஸ் ஆகிவிடும்.

அடுத்த மே தினத்துக்கும் சங்கங்கள் டீசேர்ட் கொடுக்கும், நம்ம ஆட்கள் வாங்குவார்கள், வாங்கட்டும். அதன் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். அங்கே தோட்டத்தின் பெயரை, புள்ளி தவறாமல், நாமே அடித்துக்கொண்டு ஊர்வலத்துக்குப் போவோம்.