கனவுத் தூக்கமும் கைக்கடிகாரக் கணக்கும்

காலையில் பல் தேய்க்கிறார்களோ இல்லையோ, இப்போதெல்லாம் பலர் எழுந்ததும் பார்ப்பது வாட்ச் காட்டும் தூக்கக் கணக்கைத்தான். "ரெம் தூக்கம் 9 சதவீதம்" என்று இருந்தால் அன்றைய பொழுதே போச்சு. நன்றாகத் தூங்கி எழுந்தவர்கூட அதைப் பார்த்த பிறகு கொட்டாவி விட ஆரம்பிக்கிறார்!

மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் தூக்கம்தான் ரெம். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இதில்தான் வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பெரியவர்களின் தூக்கத்தில் சுமார் 20 முதல் 25 சதவீதம் இது. ஆய்வகத்தில் இதை அளக்க, தலையில் மூளை மின்னலைகளுக்கு, கண்ணோரம் கண் அசைவுக்கு, தாடையில் தசை இறுக்கத்துக்கு என்று ஒயர் ஒட்டுவார்கள். வாட்சிடம் இந்த மூன்றும் கிடையாது. கை அசைகிறதா என்று பார்க்கும், பச்சை விளக்கு அடித்து நாடித்துடிப்பைப் பார்க்கும், மீதியெல்லாம் ஊகம். ரெம்மில் உடம்பு கட்டை மாதிரி கிடக்கும். இதயத்துடிப்போ விழித்திருப்பவருக்குப் போல ஏறி இறங்கும். அதனால் ரெம்மை லேசான தூக்கம் என்றோ விழிப்பு என்றோ வாட்ச் எழுதிவிடலாம். பட்டை தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டரும் அப்படியே ஏற்கமாட்டார். இதை மட்டும் ஏன் ஏற்கவேண்டும்?

அதற்காக வாட்சைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. படுத்தது எத்தனை மணி, எழுந்தது எத்தனை மணி என்பதை அது ஓரளவு நன்றாகவே சொல்லும். குறைந்த ரெம்முக்கு விடை பல நேரம் அங்கேதான் இருக்கிறது. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வரும். முதல் சுற்றில் ரெம் சில நிமிடம்தான், விடியும் நேரத்தில்தான் நீளும். 11 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுகிறவர் பரீட்சைக்காக 5 மணிக்கு அலாரம் வைத்தால், தூக்கத்தில் போவது கால் பங்கு, ரெம்மில் போவது அதைவிட அதிகம். விடியற்காலை 4 மணிக்குப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிற வீடுகள், ராத்திரி 9 மணிக்கே விளக்கை அணைக்கவும் சொல்லவேண்டும் (சொல்வதில்லை!). படுக்கும் முன் குடித்தாலும் ரெம் குறையும்.

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் பலவும் ரெம்மைக் குறைக்கும். டாக்டர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். வாட்சில் எண் ஏறட்டும் என்று யாராவது தாமாகவே மாத்திரையை நிறுத்தினால், அந்த 9 சதவீதத்தைவிட அதுதான் பெரிய ஆபத்து.

இந்த எண் பைத்தியத்துக்கு 2017-ல் அமெரிக்காவில் கெல்லி பாரனும் சக ஆய்வாளர்களும் 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நல்ல எண் வரவேண்டுமே என்ற கவலையிலேயே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது. ஆய்வகத்தில் ஆழ்ந்து தூங்கியதாகச் சோதனை காட்டிய பிறகும், கருவி மட்டும் ஏன் வேறு மாதிரி சொல்கிறது என்று கேட்டவரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார்கள்.

பலமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று திணறி, பகலில் வகுப்பில் சாய்கிறவர் கதை வேறு. அவர் வாட்ச் 25 சதவீதம் காட்டினாலும் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.