என்னோடு அழுவதற்கு ஒருவருமில்லையா?



சிறுநீரக நோய் இன்று நம்மில் பலருடைய இல்லங்களில் குடியிருக்கும் துன்பமாகிவிட்டது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அதற்குரிய பெருங்காரணங்கள். இவை இல்லாத விவசாயிகளையும் பீடிக்கின்ற, காரணம் இன்னும் திட்டவட்டமாக நிறுவப்படாத ஒருவகைச் சிறுநீரக நோய் 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டுள்ளது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் அது காணப்படுகின்றது. உடலுக்குரிய சிகிச்சையை வைத்தியர்கள் கூறுவர். அந்நோயாளியின் உள்ளம் படும் பாட்டினை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தலைவரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். வாரத்தில் இரண்டு நாட்கள், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம், இயந்திரத்தின் மூலம் அவரது இரத்தம் சுத்திகரிக்கப்பட்டு வந்தது. “கவலைப்படாதீர்கள், எல்லாம் சரிவரும்” என்று வழக்கம்போல் ஆறுதல் கூறினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “சுவாமி, மிசினிலை கிடக்கிறது எனக்குப் பெரிசில்லை. வீட்டிலை எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கினம். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு. என்னோடை இருந்து அழ ஒருத்தருமில்லை.”

விடைபெறும்போது அவரது மனைவி வாசல்வரை வந்தார். அவர் உறங்கிய பின்னர் குசினிக்குள் இருந்து தான் அழுவதாகவும், அவர் கண்டால் மனமுடைந்து போவாரென்று மறைப்பதாகவும் கூறினார். அவரோ உறங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தார். ஒரே கூரையின்கீழ் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதிருக்கின்றனர். அவர்களைப் பிரித்துவைத்தது அன்பேதான். என் ஆறுதல் மொழியும் அந்த மறைப்புக்குத் துணைபோனது என்பதை அன்று வெட்கத்தோடு உணர்ந்தேன்.

விசுவாசமுள்ளவன் கலங்கக்கூடாது, கண்ணீர் விடுவது விசுவாசக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. திருவிவிலியம் அவ்வாறு கற்பிக்கவில்லை. இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் அமர்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் கேட்டார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உண்ண அப்பமும் பருக நீரும் கொடுத்து, மீண்டும் உறங்கவிட்டார். 88ஆவது திருப்பாடல் இருளிலேயே முடிகின்றது, நம்பிக்கையூட்டும் இறுதிவரி அதற்கில்லை. அந்தத் திருப்பாடலையே திருச்சபை வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்துள்ளது. ஆண்டவரிடம் முறையிடுபவன் ஆண்டவரை விட்டு விலகிப் போய்விடவில்லை.

இந்நோயாளிகள் தாகத்தை நன்கறிந்தவர்கள். பலருக்கு ஒரு நாளைக்குரிய நீர் அளந்தே கொடுக்கப்படுகின்றது. கடும் வெயிலில், முன்னால் தண்ணீர்க் குடம் இருந்தும் நாவை அடக்கியிருப்பது பெருந்தவம். சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும் தம் தாகத்தை மறைக்காமல் வாய்விட்டுச் சொன்னார். இறைமகனே தம் வேதனையைச் சொல்லியிருக்க, நோயாளியின் வாயை நாம் ஏன் அடைக்கவேண்டும்?

ஆகவே அன்பானவர்களே, நோயாளி தன் பயத்தைச் சொல்ல முற்படும்போது பேச்சை மாற்றாதீர்கள். “நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேன்” என்று அவர் சொன்னால், உடனே மறுத்துரைக்காமல் அருகிலிருந்து கேளுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். பேசத் தொடங்கிய பின்னரே தவறிழைத்தனர். பார்க்கச் செல்லும்போது இளநீரையும் வாழைப்பழத்தையும் கொண்டுசெல்லுமுன், அவருக்கு எது ஆகும் என்று வீட்டாரிடம் கேளுங்கள். மனச்சோர்வு நீடித்து, உணவும் உறக்கமும் வாழும் ஆசையும் குன்றினால் வைத்தியரிடம் தயங்காமல் கூறுங்கள். உள்ளத்திற்குச் சிகிச்சை பெறுவதும், தவறாது சிகிச்சைக்குச் செல்வதும் விசுவாசத்துக்கு எதிரானவையல்ல.

குருவானவரை அழைத்தால் மரணம் நெருங்கிவிட்டதென நோயாளி அஞ்சுவார் என்று பல குடும்பங்கள் தயங்குகின்றன. நோயில்பூசுதல் மரணத் தறுவாயில் உள்ளோருக்கு மட்டுமுரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவுபடுத்தியது. நோய் கடுமையாகும்போது அதனை மீண்டும் பெறலாம். காலந்தாழ்த்தாது அழையுங்கள்.

அந்தக் குடும்பத்தாரிடம் நான் மீண்டும் சென்றேன். அந்த 88ஆவது திருப்பாடலை மூவரும் சேர்ந்து செபித்தோம். பாதியில் மனைவி விம்மினார், அவரும் அழுதார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரது நோய் நீங்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவர் கூறினார்: “அண்டைக்கு இரவுதான் நல்லாய் நித்திரை கொண்டனான், சுவாமி.”

இன்றிரவு உங்கள் இல்லத்திலும் எவரேனும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கக்கூடும். அவரருகில் சென்று அமருங்கள். இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்ட ஆண்டவர் உங்களோடும் இருப்பாராக.