கிணற்றடியில் தொடங்கட்டும் பரிசோதனை

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையம் கட்டப்படமாட்டாது என்று 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் தரப்பு இலங்கையின் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தபோது, மூதூர் கிழக்கில் பலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தியாவின் தேசிய அனல்மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் கூட்டாகக் கட்டவிருந்த 500 மெகாவாட் நிலையம் அது. சாம்பல் மேடுகள், அவற்றிலிருந்து கசியக்கூடிய ஆர்செனிக், பாதரசம், கொட்டியார் குடாவுக்குள் திறந்துவிடப்படும் வெந்நீர் என்று அச்சங்கள் வரிசையாக இருந்தன. திட்டம் கைவிடப்பட்டதும் அச்சம் நீங்கியது. அதோடு தண்ணீரைப் பற்றிய பேச்சும் நின்றுபோனதுதான் எனக்கு வருத்தம்.

ஆலைக்காரர் தன் திட்ட அறிக்கைக்காக எடுக்கும் நீர் மாதிரி வேறு. ஊர் தனக்காக, கிணறு கிணறாக, கோடையிலும் மாரியிலும் எடுத்து எழுதி வைக்கும் கணக்கு வேறு. பின்னொரு நாளில் ஏதாவது நடந்துவிட்டால் ஊருக்குக் கைகொடுக்கப் போவது இரண்டாவது கணக்குத்தான். அது எவ்வளவு முக்கியம் என்பதைச் சுன்னாகம் நமக்குக் காட்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் எண்ணெயில் இயங்கிய மின் நிலையம் ஒன்றைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மணப்பதாக மக்கள் முறையிட்டார்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த கிணறுகளில் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கிரீசும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்றது. ஒரே ஊர், ஒரே நிலத்தடி நீர், இரண்டு விடைகள். அரசியல்வாதிகளும் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். எதை நம்புவதென்று தெரியாமல் மக்கள் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு காத்து நின்றார்கள். கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலத்தடி நீர் மாசடைந்ததை ஏற்று, நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணற்றுக்காரர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 40,000 ரூபா. ஆழக் கிணறு ஒன்றைத் துப்புரவாக்கிய எவருக்கும் அந்தப் பணம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்.

அந்தச் சச்சரவின் நடுவில் இருந்தது எண்ணெயைத் தண்ணீரிலிருந்து பிரித்து அளக்கும் ஒரு வேலை. அதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். கிணற்றடியில் ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலில் நீர் எடுக்க வேண்டும். பிளாஸ்ரிக் கூடாது, எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வேறு பரிசோதனைகளுக்குச் செய்வதுபோல அதே நீரால் போத்தலை அலசிவிட்டு நிரப்பவும் கூடாது; அலசினால் முதலில் ஒட்டிய எண்ணெய் இரண்டாவது நீரின் கணக்கிலும் சேர்ந்துவிடும். எடுத்த உடனே அமிலம் சேர்த்துக் குளிரில் வைக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் போத்தலிலுள்ள நீர் முழுவதையும் பிரிபுனலில் ஊற்றி, வெறும் போத்தலை ஹெக்சேனால் கழுவி அதையும் புனலில் சேர்த்துக் குலுக்குவார்கள். ஹெக்சேன் தண்ணீரைவிட இலேசானது. கொஞ்ச நேரத்தில் அது எண்ணெயைச் சுமந்துகொண்டு மேலே நிற்கும், நீர் கீழே நிற்கும். கீழே உள்ள திருகைத் திறந்து நீரை இறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பால்போல ஒரு படலம் கட்டிக்கொண்டு பிரிய மறுப்பதும் உண்டு. அங்கேதான் கைப்பழக்கம் தெரியும். பிறகு ஹெக்சேனை ஆவியாக்கி, குடுவையில் மிஞ்சியதை நிறுத்தால் அதுதான் எண்ணெய்.

பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இலங்கையின் குடிநீர்த் தரக்கட்டளை எண்ணெய்க்கும் கிரீசுக்கும் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். நிறுத்துப் பார்க்கும் இந்த முறையோ, அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கணக்குப்படி, லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே உறுதியான எண்ணைத் தராது. இதே முறையை மட்டும் நம்பி ஒருவர் 'எண்ணெய் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால், தன் தராசுக்கு எட்டவில்லை என்பதுதான் அதன் பொருள். அறிக்கையின் அடியில் எந்த முறை, எவ்வளவு வரை கண்டறியும் என்ற இரண்டு வரிகள் இல்லாவிட்டால் அந்தத் தாளை யாரும் கையில் வாங்கவே கூடாது என்பேன். சம்பூரார் முதலில் கேட்கப் பழக வேண்டிய கேள்வியும் அதுதான்.

திரவத்தை அளக்கவும் பிரிக்கவும் மனிதன் கண்டுபிடித்த கருவிகளின் வரலாற்றைப் பார்த்தால், அது தேர்ந்த சிலரின் கையிலிருந்த வேலையைப் பலரின் கைக்குக் கொண்டுவந்த வரலாறு. பிரான்சில் இரசாயனவியலாளர் கே லுசாக்கும் அவருக்கு முன்னோரும் உருவாக்கிய, பியூரெட் எனப்படும் அளவியை, ஜெர்மனியின் கோப்லன்ஸ் நகரில் மருந்தாளராக இருந்த கார்ல் பிரீட்றிக் மோர் 1850களில் திருத்தினார். அடியில் ஒரு இறப்பர்க் குழாய், அதை நெரிக்க ஒரு கவ்வி. துளி துளியாக விடுவது அதன்பின் எவருக்கும் சாத்தியமானது. பிப்பெட் எனப்படும் குழாயியை வாயால் உறிஞ்சி நிரப்பும் வழக்கம் அதற்குப் பிறகும் நூறு ஆண்டுகள் நீடித்தது. நோய்க்கிருமியும் அமிலமும் எத்தனையோ ஆய்வாளர்களின் வாய்க்குள் போயின. 1957இல் மார்பர்க் நகரில் ஹைன்றிக் ஷ்னிட்கர் என்ற இளம் மருத்துவர் அந்த வேலையில் சலித்துப்போய், வில்லால் இயங்கும் முசலமும் கழற்றி எறியக்கூடிய பிளாஸ்ரிக் முனையும் கொண்ட நுண்குழாயியைத் தானே செய்தார். இன்று உலகில் எந்த மருத்துவ ஆய்வுகூடத்துக்குப் போனாலும் கட்டைவிரலால் அமுக்கும் அந்தக் கருவியின் வழித்தோன்றல்தான் மேசையில் இருக்கும்.

மோரின் பெயரில் இன்னொரு பரிசோதனையும் உண்டு. சம்பூருக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை. கடலோர மணல் நிலத்தில் நன்னீர் உப்புநீரின் மேல்தான் தங்கி நிற்கிறது. மேலே இறைப்பு கூடினால் கீழிருந்து உப்பு ஏறும். அதை அளக்க, கிணற்று நீரில் 50 மில்லிலீற்றர் எடுத்துப் பொட்டாசியம் குரோமேற்றுச் சில துளிகள் விட்டால் நீர் எலுமிச்சை மஞ்சளாகும். அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்றை விட விட, நீரிலுள்ள குளோரைட்டு வெள்ளையாகத் திரண்டு கலங்கும். குளோரைட்டு முழுவதும் தீர்ந்த அந்தக் கணத்தில் ஒரு துளி செங்கல் நிறத்தைத் தோற்றுவிக்கும்; அந்த நிறம் கலக்கினாலும் மறையாமல் நிற்கும். அங்கே அளவியைப் பூட்டி, எண்ணை வாசிக்க வேண்டும். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கே சொல்லத் தொடங்கும்; ஆனால் 60ஆக இருந்தது 90ஆகி 140ஆவதை நாக்கு சொல்லாது, அளவிதான் சொல்லும். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளை ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யக்கூடிய வேலை இது. வெள்ளி நைத்திரேற்றுக்கு விலை கூட, கையில் பட்டால் விரல் கறுக்கும், கபில நிறப் போத்தலில் இருட்டில் வைக்க வேண்டும். செலவும் கவனமும் அவ்வளவுதான்.

எல்லாமே இப்படி ஊரில் செய்யக்கூடியவை என்று சொல்லவில்லை. பூச்சிகொல்லி எச்சத்தைக் காண வாயு நிறப்பகுப்புக் கருவி வேண்டும். அதற்கு நுட்பமான கண் கொடுத்தது 1957இல் ஜேம்ஸ் லவ்லொக் கண்டுபிடித்த இலத்திரன் பிடிப்பு உணரி. ஆர்செனிக்குக்கும் பாதரசத்துக்கும் அணு உறிஞ்சல் கருவிகள் வேண்டும். இவற்றைச் சம்பூரில் கொண்டுவந்து வைத்தால், திறப்பு விழாப் படம் மட்டும்தான் மிஞ்சும். வாயு உருளையும் உதிரிப் பாகமும் பயின்ற ஆளும் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த கருவி தூசி பிடித்துக் கிடப்பதை நம் நாட்டில் பார்த்துச் சலித்துவிட்டோம். அவை கொழும்பிலும் பேராதனையிலும் இருக்கட்டும். சம்பூருக்கு வேண்டியது, அங்கே போகும் போத்தல் உண்மையைச் சுமந்துகொண்டு போவது.

இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உலோகம் பார்க்க எடுக்கும் நீரில் உடனே நைத்திரிக் அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் போத்தல் சுவரில் படிந்துவிடும். ஆய்வுகூடத்தில் நீர் சுத்தமாக இருக்கும், கிணற்றில் இருக்காது. பாதரசம் சாதாரண பிளாஸ்ரிக்கில் நிற்காது, அதற்குக் கண்ணாடி. நைத்திரேற்றுக்குக் குளிர், இரண்டு நாளுக்குள் பரிசோதனை. கிருமிக்குக் கொதிநீராவியில் சுத்தப்படுத்திய போத்தல், ஐஸ் பெட்டி, முடிந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள், தவறினால் ஒரு நாளுக்குள். திருகோணமலைக்குப் போகும் வழியில் கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் தொல்லை தீர்ந்தது உண்மைதான். ஆனாலும் திருகோணமலைக்கு அப்பால் கொழும்பு இன்னும் 260 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. வெயிலில் பஸ்சின் பின் ஆசனத்தில் போகும் போத்தலுக்குள் கிருமிகள் பெருகும் அல்லது சாகும். இரண்டுமே பொய்யான விடை.

தூரத்தை வெல்ல இந்திய விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. எஸ். மஞ்சாவும் சகாக்களும் 1982இல் வெளியிட்ட முறை அது. ஊட்டப்பொருள் ஊறவைத்து உலர்த்திய தாள் துண்டு ஒன்று சிறு போத்தலுக்குள் இருக்கும். நீரை ஊற்றி, மூடி, நம் நாட்டு வெப்பத்தில் ஒரு நாள் விட்டால் போதும். மலத்தால் மாசுபட்ட நீரென்றால் உள்ளே உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு போத்தலைக் கறுப்பாக்கிவிடும். மின்சாரம் வேண்டாம், அடைகாக்கும் பெட்டி வேண்டாம். எழுத்தறியாத ஒருவரும் விடையைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். இந்தியாவின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு கிராமத்துக்கு ஐந்து பெண்கள் களப் பரிசோதனைப் பெட்டியோடு நீர் சோதிக்கப் பயிற்சி பெறுகிறார்கள். ஐந்து பேர் என்ற அந்த எண் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவர் ஊரை விட்டுப் போனாலும் வேலை நிற்காது. ஒருவரை மிரட்டிக் கணக்கை மாற்றவும் முடியாது.

ஊர்ப்பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் எழுதிய எண்களை எந்த நீதிமன்றம் ஏற்கும் என்று ஒரு சட்டத்தரணி கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எண் மட்டும் போதாது, அது எச்சரிக்கை மணி. மாற்றம் தெரிந்தவுடன் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு முத்திரையிட்ட போத்தல் போக வேண்டும். ஒவ்வொரு பத்துப் போத்தலோடும் வெறும் காய்ச்சி வடித்த நீர் ஒரு போத்தலும், ஒரே கிணற்றின் இரட்டைப் போத்தலும் போனால், ஆய்வுகூடத்தின் கையையே சோதித்துக்கொள்ளலாம். யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, யாரிடம் கொடுத்தது என்ற கையெழுத்துகள் வரிசையாக இருந்தால் அந்தத் தாளுக்கு வலு உண்டு.

சம்பூருக்கு இந்தத் தேவை மற்ற ஊர்களைவிடக் கூட. 2006இல் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயம், பின்னர் முதலீட்டு வலயம் என்று நிலம் கைமாறியது. 2015இல் 818 ஏக்கர் விடுபட்டு, 2016 மார்ச்சில் கடற்படையிடமிருந்த நிலமும் திரும்பியது. ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் தங்கள் கிணற்றில் வாளி விடாத மக்கள் இவர்கள். முன்பு தண்ணீர் இனிப்பாக இருந்தது என்று ஒரு முதியவர் சொன்னால் நான் நம்புவேன். வழக்கில் எதிர்த்தரப்பு நம்பாது. பதவி சிறிபுர வரை பரவியிருக்கும் காரணம் தெரியாச் சிறுநீரக நோயின் விடயத்திலும் இதே குறைதான். 1990களில் நோய் வெளிப்பட்டபோது, அதற்கு இருபது ஆண்டுக்கு முன் அந்தக் கிணறுகளில் என்ன இருந்தது என்ற தொடர்ச்சியான கணக்கு கையில் இருந்திருந்தால், ஃபுளோரைட்டா, கன உலோகமா, விவசாய இரசாயனமா என்ற வாதம் இத்தனை காலம் இழுபட்டிருக்காது.

2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தபடி சம்பூர் சூரிய மின் திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள். நிலக்கரியோடு ஒப்பிட்டால் சூரியத் தகடு நீருக்குச் செய்யும் கேடு மிகக் குறைவு. ஆகவே இது அமைதியான காலம், கணக்கெடுக்க நல்ல காலம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய நிலத்தின் மீது கைத்தொழில் கண் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. அடுத்த திட்டம் எது, எப்போது என்று எவரும் சம்பூராரிடம் முன்கூட்டிக் கேட்கப் போவதில்லை.

மூதூர் பிரதேச சபை செய்யக்கூடியது இது: சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, இளக்கந்தை ஆகிய இடங்களில் நிரந்தரமாகக் கண்காணிக்கும் கிணறுகளைத் தெரிந்து இலக்கமிடுவது, பாடசாலை ஆய்வுகூடம் ஒன்றுக்கு அளவிகளும் வெள்ளி நைத்திரேற்றும் ஐஸ் பெட்டிகளும் வாங்கிக் கொடுப்பது, ஐந்து பெண்களுக்குப் படியோடு பயிற்சி கொடுப்பது, ஆண்டுக்கு இரண்டு முறை நுண்ணளவுப் பரிசோதனைக்கான கட்டணத்தைத் தன் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பது. முடிவுகள் சபையின் அலுமாரிக்குள் போகாமல் கோயில் வாசலிலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்டப்பட வேண்டும். முதல் தொகுதி நீரை, கிணறுகள் அடிமட்டத்துக்கு இறங்கி நிற்கும் செப்டெம்பரில், மாரி மழை தொடங்க முன் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது தொகுதியை மழை ஓய்ந்து கிணறுகள் நிரம்பியிருக்கும் பெப்ரவரியில் எடுக்கலாம்.