காற்று போடும் கடிவாளம்



வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. மழையில் நனையும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அவ்வளவு உயரத்திலிருந்து விழும் துளி ஏன் நம் தலையைப் பதம் பார்ப்பதில்லை?

இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு துளியைப் புவியீர்ப்பு மட்டுமே இழுத்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி நொடிக்குச் சுமார் ஆறரை மீட்டர் வேகத்தில்தான் வந்து விழுகிறது. மணிக்கு 23 கிலோமீட்டர், அவ்வளவுதான். துளியின் வேகம் கூடக் கூட, காற்றின் தடையும் கூடுகிறது. அந்தத் தடை துளியின் எடைக்கு ஈடானதும் வேகம் மேலே ஏறுவதில்லை. பாடப்புத்தகம் இதை முற்றுத் திசைவேகம் என்கிறது.

காற்றே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1971 ஆகஸ்ட் 2 அன்று உலகமே பார்த்தது. அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், நிலவில் நின்றபடி ஒரு கையிலிருந்து சுத்தியலையும் மறு கையிலிருந்து வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. 1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ வாதிட்டது கண்ணெதிரே நிரூபணமானது.

நம் வகுப்பறைகளில் ‘காற்றுத் தடையைப் புறக்கணிக்க’ என்ற வரியோடு கணக்கு தொடங்குகிறது. தொடக்கத்துக்கு அது தேவைதான். ஆனால் அதோடு பாடம் முடிந்துவிட்டால், பிள்ளை படிக்கும் உலகம் வேறு, வாழும் உலகம் வேறு என்றாகிவிடும். மழைத்துளியும் பாராசூட்டும் பேருந்தின் முகப்பு வடிவமும் அந்த விட்டுப்போன தடைக்குள்தான் இருக்கின்றன.

இதைச் சொல்லித்தரப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு நோட்டையும் ஒரு தாளையும் தனித்தனியே கீழே விடச் சொல்லுங்கள். தாள் ஆடி அசைந்து தாமதமாக வரும். பிறகு, நோட்டைவிடச் சிறிதாகத் தாளை வெட்டி, நோட்டின் மேல் வைத்து விடச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தே விழும். நோட்டு முன்னால் போய்க் காற்றை விலக்கிவிடுகிறது. அடுத்து, உயரமான கண்ணாடிக் குவளையில் விளக்கெண்ணெய் ஊற்றிச் சிறிய இரும்புக் குண்டைப் போடுங்கள். சற்று தூரம் போனதும் அது ஒரே சீராக இறங்கும். மழைத்துளிக்குக் காற்றில் நடப்பது இங்கே எண்ணெயில் நிதானமாக நடக்கிறது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள். எது முதலில் விழும் என்று பிள்ளைகள் ஊகிக்கட்டும், செய்து பார்க்கட்டும், ஏன் என்று அவர்களே வாதாடட்டும். பார்த்ததை அவர்கள் சொற்களிலேயே எழுதி எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவற்றுக்காக அடுத்த இதழில் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்