சிங்கப்பெருமாள் கோயிலில் 2050-ல் மழை கூடுமா, குறையுமா? ஊர் அளவில் காலநிலையைக் கணிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். 'இந்த வருஷம் ஏரி நிரம்புமா?' என்பது ஒன்று. 'தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுமா?' என்பது இன்னொன்று. கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரியை நம்பி இருப்பவர்களின் கவலை முதல் ரகம். ஜிஎஸ்டி சாலையை ஒட்டி புதிதாக மனை வாங்கி வீடு கட்டியவர்களின் கவலை இரண்டாவது ரகம்.

25, 30 வருஷம் கழித்து இந்த இரண்டில் எது பெரிய பிரச்னையாக இருக்கும்? இதற்குப் பதில் தேடுவதுதான் 'பிராந்திய காலநிலை மாதிரி' எனப்படும் கணினிக் கணக்கீடு. தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஆனால் வந்த விடையை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல்.

ஒரே கட்டத்தில் நாலு ஊர்

காலநிலை மாதிரிகள் பூமியை சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டுப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு மழை அளவு, ஒரு காற்று வேகம். உலகம் முழுவதற்குமான மாதிரிகளில் ஒரு கட்டம் பெரும்பாலும் 100 கி.மீ. அல்லது அதற்கும் மேல் அகலமானது. அதாவது சென்னை, காஞ்சிபுரம், சிங்கப்பெருமாள் கோயில், மாமல்லபுரம் நாலும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடலாம். கூடவே வங்கக் கடலின் ஒரு துண்டும். இந்த நாலு ஊருக்கும் ஒரே வெயில் என்று சொன்னால் இங்கே யார் நம்புவார்கள்?

அதனால்தான் பிராந்திய மாதிரி. உலக மாதிரி தரும் காற்று, ஈரப்பதம், வெப்பநிலை விவரங்களை எல்லைகளில் வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட பகுதியை மட்டும் சின்னக் கட்டங்களாகப் பிரித்து மறுபடி கணக்குப் போடும். பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் ஹேட்லி மையம் உருவாக்கிய 'பிரிசிஸ்' அப்படிப்பட்ட ஒன்று. தமிழ்நாடு அரசின் காலநிலை மாற்ற செயல் திட்டத்துக்காக அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் 25 கி.மீ. கட்டங்களில் ஓட்டினார்கள்.

25 கி.மீ. என்பது கிட்டத்தட்ட சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலான நேர்கோட்டு தூரம். மொத்த செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் சுமார் ஐந்து கட்டங்கள். அவ்வளவுதான்.

கணக்கு என்ன சொன்னது?

1970-2000 காலத்துடன் ஒப்பிட்டால், தமிழ்நாட்டின் பகல் நேர அதிகபட்ச வெப்பநிலை 2040-க்குள் 1 டிகிரி, 2070-க்குள் 2.2 டிகிரி, 2100-க்குள் 3.1 டிகிரி செல்சியஸ் உயரும் என்றது அந்த ஆய்வு. இரவு நேர குறைந்தபட்ச வெப்பநிலை முறையே 1.1, 2.4, 3.5 டிகிரி உயரும்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். பகலை விட இரவு அதிகமாகச் சூடாகிறது. கடலோரத்தில் ஈரப்பதம் வேறு. மறைமலை நகர், பரனூர் பக்கம் ஷிஃப்ட் முடிந்து வந்து ஷீட் கூரைக்குக் கீழே படுப்பவருக்கு, மதிய வெயிலை விட ராத்திரி ஆறாத வெக்கைதான் உடம்பைக் கெடுக்கும்.

மழை விஷயத்தில் அதே ஆய்வு சொன்னது, ஆண்டு மழை 2040-க்குள் 2 முதல் 7 சதவீதமும், நூற்றாண்டு இறுதியில் 4 முதல் 9 சதவீதமும் குறையலாம் என்பது. ஆனால் 2021-ல் வந்த ஐநாவின் ஐபிசிசி அறிக்கை, தெற்காசியாவில் பருவமழை நீண்ட காலத்தில் அதிகரிக்கும் என்கிறது. ஒன்று குறையும் என்கிறது, இன்னொன்று கூடும் என்கிறது. யாரை நம்புவது?

தாய் மாதிரியின் தப்பு

பிராந்திய மாதிரி தனியாக இயங்குவதில்லை. உலக மாதிரி கொடுக்கும் எல்லை விவரங்களை வைத்துத்தான் அது ஓடும். தாய் மாதிரி வங்கக் கடலில் காற்றைத் தப்பாகக் காட்டினால், பிள்ளை மாதிரி அதே தப்பை இன்னும் நுணுக்கமாக வரைந்து காட்டும். படம் தெளிவாக இருக்கிறது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

தமிழ்நாட்டுக் கணக்கு, உலகின் புகை வெளியேற்றம் நடுத்தரமாக இருக்கும் என்ற பழைய 'ஏ1பி' அனுமானத்தை வைத்துப் போடப்பட்டது. தாய் மாதிரி மாறினாலும், அனுமானம் மாறினாலும் விடை மாறும். வெப்பநிலை கூடும் என்பதில் எல்லா மாதிரிகளும் ஒத்துப்போகின்றன. மழையில்தான் இழுபறி.

அதற்குக் காரணம் நம் மழையின் குணமே. வடகிழக்குப் பருவமழையில் பெரும்பங்கை சில தாழ்வு நிலைகளும் புயல்களும்தான் கொட்டிவிட்டுப் போகின்றன. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. கரையேறும் இடம் 50 கி.மீ. தள்ளினால் ஒரு மாவட்டத்தின் வருஷக் கணக்கே மாறிப்போகும்.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. சுமார் 20 கி.மீ. தள்ளி நுங்கம்பாக்கத்தில் சுமார் 29 செ.மீ. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், 25 கி.மீ. கட்டத்துக்குள் சராசரியாகிக் காணாமல் போய்விடும்.

கடற்காற்றும் அப்படித்தான். மாமல்லபுரத்தைத் தொட்ட காற்று உள்ளே நகர்ந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வரப் பிந்தினால் அன்றைக்கு வெயில் எகிறும். கோடை, ஆடி மாதங்களில் அந்தக் காற்று மேற்குக் காற்றோடு மோதும் இடத்தில் சாயங்கால இடிமழை. அந்த மேகங்களின் அகலமே சில கி.மீ.தான். மாதிரி அதை நேரடியாகப் பார்ப்பதில்லை. சூத்திரம் போட்டு ஊகிக்கிறது.

அப்போ இதனால் என்ன பயன்?

இருக்கிறது, எண்ணைத் தனியாக எடுத்துப் படிக்காத வரை. 'ஆண்டு மழை 5 சதவீதம் குறையும்' என்பதால் மழைநீர் வடிகாலைச் சின்னதாகக் கட்டினால் ஆபத்து. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். மொத்த மழை குறைந்த வருஷத்திலும் ஒரே நாளில் பேய்மழை பெய்யலாம். ஏரி காய்வதும் தெரு மிதப்பதும் ஒரே வருஷத்தில் நடக்கலாம்.

இது வெறும் ஆராய்ச்சிப் பேச்சு இல்லை. 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆட்சியர்களிடம்தான் பொறுப்பு. திருப்போரூர் அருகே புதிய நீர்த்தேக்கம் 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அதன் கரை எவ்வளவு உயரம், உபரி நீர் எத்தனை கன அடி வெளியேற வேண்டும் என்பதற்கெல்லாம் எதிர்கால மழை பற்றிய கணிப்பு வேண்டும். ஒரு மாதிரியின் ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காமல், பல மாதிரிகள் தரும் குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகள் இரண்டையும் கேட்பதுதான் விவரமான வேலை.

கட்டத்தை இன்னும் சின்னதாக்க முடியாதா? முடியும். பிரிட்டன் 2019-ல் தன் நாட்டுக்கு 2.2 கி.மீ. கட்டங்களில் காலநிலைக் கணிப்பை வெளியிட்டது. 2025 மே மாதம் இந்தியா அறிமுகம் செய்த பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் 6 கி.மீ. கட்டம் கொண்டது. ஆனால் அது வரும் நாட்களின் வானிலைக்கு, 2050-க்கு அல்ல. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கணினி வேலை சுமார் 8 மடங்காகும். 25-லிருந்து 2.2 கி.மீ.க்குப் போக ஆயிரம் மடங்குக்கு மேல். அப்படி ஓட்டிய பிறகும், விடை சரியா என்று சோதிக்க அந்தந்த ஊரில் பல பத்தாண்டுகள் விடாமல் எடுத்த மழைமானிக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.