மஞ்சக் கடுதாசி

மொட்டை மாடியில் என் மிளகாய் நாற்றுகள் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டன.

அதாவது திவால். கடன் கொடுத்தவனிடம் ஒருத்தன் கையை விரித்துவிட்டால் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இலை பழுத்தால் தோட்டக்காரனுக்கு வியாதி ஞாபகம் வரும். பி.காம். படித்த எனக்குத் திவால்தான் ஞாபகம் வருகிறது. என்ன செய்ய, வளர்ப்பு அப்படி!

சாதாரண மிளகாய் என்றால் பேசாமல் கடையில் கால் கிலோ வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இது அம்மாவின் விதை. போன வருஷம் அம்மா தவறிப்போன பிறகு ராமநாதபுரம் பக்கம் ஊர் வீட்டைக் காலி பண்ணப் போனபோது, பரணில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே சாம்பல். சாம்பலுக்குள் குண்டு மிளகாய் விதை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே முண்டு மிளகாய்தான். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. வருஷா வருஷம் நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

புத்திசாலியான நான் மொத்த விதையையும் ஒரே நாளில் விதைத்தேன். முளைத்தது ஏழு. கையிருப்பு பூஜ்யம். ஏழும் போனால் கணக்கு முடிந்தது.

ஐந்தாவது வாரம் மஞ்சள் ஆரம்பித்தது. கூடவே ஆலோசனையும்.

“தண்ணி பத்தலைப்பா” என்றார் கீழ்வீட்டு மாமி. காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்தவன், மத்தியானமும் ஊற்றும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன். “யாரோ கண்ணு வெச்சிட்டாங்க” என்று அவள் படிகாரம் கட்டினாள். எங்கள் ஆபீஸ் கேஷியர், எதற்கும் ஒரே வரியில் தீர்ப்பு சொல்பவர், “யூரியா போடுங்க சார்” என்றார். அரை கிலோ வாங்கியும் விட்டேன்.

பொட்டலத்தைப் பிரிக்கும் முன் ஏதோ உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நர்சரிக்குப் போனேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் பதியன் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, இலை மஞ்சளாகுது. என்ன மருந்து?”

“எந்த இலை மொதல்ல பழுத்துது தம்பி?”

முழித்தேன். மூன்று வாரமாக மருந்து தேடிய ஒருவனும் கேட்டுக்கொள்ளாத கேள்வி!

“அடி இலையா, கொழுந்தா? நரம்பும் மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா? மண்ணு காஞ்சிருக்கா, சொதசொதன்னு இருக்கா? இலைக்கு அடியில திருப்பிப் பாத்தியா?”

வாசகர் நண்பர்களே, அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன். தழைச்சத்து கரன்ட் அக்கவுன்ட் மாதிரி. செடியால் எடுத்து இடம் மாற்ற முடியும். பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலை முழுசாக வெளுக்கும். இரும்புச்சத்து ஃபிக்ஸட் டெபாசிட். ஓர் இலைக்குள் போட்டால் அசையாது. அது குறைந்தால் கொழுந்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் இப்படி ஆகலாம். சுண்ணாம்பு கலந்த போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்பைச் செடி எடுக்க முடியாது. பணம் இருக்கும், லாக்கர் சாவி இருக்காது. இலை சுருண்டு, புள்ளி புள்ளியாக வெளுத்திருந்தால் அடிப்புறத்தில் பேனோ சிலந்தியோ குடியிருக்கும்.

மண் ஈரமாக இருந்தும் செடி மொத்தமாக மஞ்சளாகித் துவண்டால்? வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். வேருக்கும் காற்று வேண்டும்.

வீட்டுக்கு ஓடினேன். நாலு தொட்டிகளில் கீழே இருந்த முதல் ஜோடி இலை மட்டும்தான் மஞ்சள். மற்ற மூன்றில் செடியே மஞ்சள். அந்த மூன்றும் காசை மிச்சம் பிடிக்க நான் வைத்த பெயிண்ட் டப்பாக்கள். ஒன்றைச் சாய்த்தேன். கறுப்புத் தண்ணீர் கொட்டியது, சாக்கடை வாசனையோடு. அடியில் ஓட்டையே இல்லை!

ராமநாதபுரம் வானம் பார்த்த பூமி. அங்கே மழையை நம்பி வளர்ந்த மிளகாய்க்கு நான் மூன்று வேளை தண்ணீர் ஊற்றிப் பாசம் காட்டியிருக்கிறேன். யூரியாவையும் போட்டிருந்தால் மிச்சமிருந்த வேரும் கருகியிருக்கும்.

ஓட்டை போட்ட தொட்டிக்கு மாற்றினேன். தென்னைநார்க் கழிவும் கொஞ்சம் மணலும் கலந்தேன். விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஒன்றின் வேர் பழுப்பாகக் குழைந்து கையோடு வந்துவிட்டது. அது போயிற்று. மற்ற இரண்டும் பத்து நாளில் பச்சையாகக் கொழுந்து விட்டன. பழுத்த இலை திரும்பப் பச்சையாகாதாம். கொழுந்தைத்தான் பார்க்கணும்.

அந்த நாலு தொட்டிக்கு என்ன மருந்து என்று பெரியவரிடம் போட்டோ காட்டினேன். சிரித்தார்.

“அது வித்திலை தம்பி. விதைக்குள்ளேயே இருந்து வர்ற மொத இலை. பிள்ளை இலைங்க தலையெடுக்கற வரைக்கும் ஊட்டும். அப்புறம் பழுத்து விழுந்துடும். அது வியாதி இல்ல. வேலை முடிஞ்சுது.”

கேஷியருக்குச் சொல்ல எனக்கு ஏதாவது ஜோக் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நைட் பஸ்ஸில் ஊருக்குப் போய் இறங்கினால், தட்டில் இருந்ததையெல்லாம் எனக்குத் தள்ளிவிட்டு “நான் அப்பவே சாப்பிட்டேன்டா” என்று சொல்லும் குரல்தான் தோன்றியது. ஒரு தடவையாவது சட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம்.

நேற்று முதல் வித்திலை விழுந்தது. மனைவி விளக்குமாற்றோடு வந்தாள்.

“அது மட்டும் தொட்டியிலேயே கிடக்கட்டும்” என்றேன்.

ஆறு செடி. நல்லபடியாகக் காய்த்தால் முதல் பழம் சமையலுக்கு இல்லை. சாம்பலும் பாட்டிலும் தயாராக இருக்கின்றன.